14 சென்ட் குறையும் காந்தாரம்: இயற்கை விகிதச் சுரங்களுக்குப் பெயர் வைப்பதும் எழுதுவதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீணையோ பாட்டோ கற்கும் பிள்ளைகள் கைகளில் இப்போது டியூனர் செயலி இருக்கிறது. தம்புராவோடு துல்லியமாகச் சேரும் அந்தர காந்தாரத்தைப் பிடித்தால் அந்தச் செயலி ‘14 குறைவு’ என்று சிவப்பு காட்டுகிறது. செயலி பச்சை காட்டும் இடத்துக்கு ஏற்றினால் தம்புராவோடு உரசுகிறது. காதை நம்புவதா, கருவியை நம்புவதா என்ற குழப்பம் இங்கே தொடங்குகிறது.

இரண்டுமே சரியாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு சுரங்களை ‘க3’ என்ற ஒரே பெயரால் அழைக்கின்றன. பழக்கமான காந்தாரத்திலேயே இந்த நிலை என்றால், 7, 11, 13 என்ற எண்கள் வரும் அரிய இடைவெளிகளில் சிக்கல் இன்னும் பெரிது. அவற்றுக்கு நம் பட்டியல்களில் பெயரே இல்லை.

அடிப்படை: விகிதமும் சென்டும்

சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் 360. இரண்டுக்கும் உள்ள விகிதம் 3/2. இப்படிச் சிறு முழு எண்களின் விகிதமாகச் சுரங்களை அமைப்பதே இயற்கை விகித முறை. ‘இயற்கை’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதிரும் ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4, 5, 6, 7 மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கிறது. இயற்பியல் பாடத்தில் இவற்றுக்குச் சீரிசைகள் என்று பெயர். ஜீவாளி (குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக விழுந்த தம்புராவில் சட்ஜத் தந்தியை மீட்டினால் மேலே காந்தாரம் தானாகக் கேட்கும். அது ஐந்தாம் சீரிசை. இரண்டு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி) இறக்கினால் 5/4.

சென்ட் என்பது அளவுகோல். ஒரு ஸ்தாயியை 1200 சம பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். இந்த அலகைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ். கால்குலேட்டரில் விகிதத்தின் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்து 1200-ஆல் பெருக்கினால் சென்ட் கிடைக்கும். கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகள் சரியாக 100 சென்ட் இடைவெளியில் இருக்கும். செயலி அளப்பதும் அந்தச் சமப் பங்கீட்டைத்தான்.

1. செயலியின் க3: 400 சென்ட், 302.4 ஹெர்ட்ஸ்.
2. தம்புரா தரும் 5/4: 386.3 சென்ட், 300 ஹெர்ட்ஸ்.
3. பஞ்சமத்தை நான்கு முறை அடுக்கி (ச–ப–ரி–த–க) வரும் 81/64: 407.8 சென்ட், 303.75 ஹெர்ட்ஸ்.

சட்ஜத்தின் ஐந்தாம் சீரிசை 1200 ஹெர்ட்ஸ். 5/4 காந்தாரத்தின் நான்காம் சீரிசையும் 1200. அதனால் இரண்டும் ஒன்றாகக் கரைகின்றன. 81/64-இன் நான்காம் சீரிசை 1215. ஆகவே நொடிக்கு 15 விம்மல்கள், அதாவது ஒலி கூடிக் குறையும் அலைகள். செயலியின் காந்தாரத்துக்கு ஏறத்தாழ ஒன்பதரை. காதில் படும் உரசல் இதுதான்.

5/4-க்கும் 81/64-க்கும் உள்ள வித்தியாசம் 81/80, அதாவது 21.5 சென்ட். இதை நம் இசையியல் நூல்கள் பிரமாண சுருதி என்கின்றன. இந்தக் கட்டுரையில் இது அடிக்கடி வரும்.

பகா எண்தான் குடும்பப் பெயர்

ஒரு விகிதத்தைப் பகா எண்களாகப் பிரித்தால் அது எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். 2 ஸ்தாயியை மட்டுமே மாற்றும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 3 மட்டும் இருந்தால் பஞ்சமச் சங்கிலி. குரல் என்ற முதல் நரம்பிலிருந்து (சுரத்திலிருந்து) இளி என்ற ஐந்தாம் நரம்பு, இளிக்கு இளி என்று போகும் பழந்தமிழ் முறை இதுவே. 5 வந்தால் தம்புராக் காந்தாரத்தின் குடும்பம். 7 வந்தால் வேறு ஒரு நிறம்: 7/4 (968.8 சென்ட்) கைசிகி நிஷாதம் போல இருக்கும், ஆனால் கீபோர்டு நிஷாதத்தைவிட 31 சென்ட் தாழ்வு. 11/8 (551.3) சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் விழுகிறது. 13/8 (840.5) தைவதங்களுக்கு இடையில்.

ஒரு ஸ்தாயிக்குள் 22 நிலைகள் சொல்லும், நூல்களில் காணும் 22 சுருதிப் பட்டியல் பெரும்பாலும் 3, 5 என்ற இரண்டு குடும்பங்களோடு நின்றுவிடுகிறது. 256/243, 16/15, 10/9, 9/8 என்று போகும் அந்த வரிசையில் 7-க்கு இடமே கிடையாது. பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடும் உண்டு: பிரதி மத்தியமத்தின் இரண்டாவது நிலைக்குச் சிலர் 64/45 என்பார்கள், சிலர் 729/512 என்பார்கள். நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என்று ஏழு நரம்புக்கும் மாத்திரை பிரித்த பழந்தமிழ்க் கணக்கின் கூட்டுத்தொகையும் 22. ஆனால் அந்த 22 என்ன அளவு என்பதில் கடுமையான வாதம் நடந்திருக்கிறது. 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகர’த்தில் ஆபிரகாம் பண்டிதர் 22-ஐ மறுத்து 24 என்று வாதிட்டார். கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள், 1947-இல் வெளியான ‘யாழ்நூ’லில் யாழ் நரம்புகளின் அளவுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அந்த வாதத்தில் யார் பக்கம் நிற்பது என்பது இங்கே தேவையில்லை. எண்ணிக்கையை முடிவுசெய்துவிட்டுப் பெயர் வைக்கப் போனால், எண்ணிக்கைக்குள் அடங்காத சுரம் பெயரில்லாமல் போகும் என்பதே கவனிக்க வேண்டியது. விகிதத்திலிருந்து பெயர் பிறக்க வேண்டும்.

குடுமியான்மலையில் ஒரு முன்மாதிரி

செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டைச் சீமையில், குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலின் பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகள்; சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சுர எழுத்தின் உயிர் மட்டும் மாறுகிறது: ர, ரி, ரு, ரெ, ச, சி, சு, செ என்பதுபோல. இந்த உயிர்மாற்றம் நுண்சுருதி வேறுபாட்டைக் குறிக்கிறது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். அதை மறுப்பவர்களும் உண்டு. 72 மேளகர்த்தாத் திட்டத்தில் வரும் ர–ரி–ரு, க–கி–கு என்பதும் இதே வகை உத்தி.

நமக்குப் பயன்படும் பாடம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. சுரத்தின் அடையாளம் மெய்யெழுத்தில். அதன் நுண்மாற்றம் கூடவரும் குறியில். இரண்டும் தனித்தனியாகத் தெரிவதால் படிப்பவர் முதலில் சுரத்தையும் பிறகு திருத்தத்தையும் பிடித்துக்கொள்ளலாம். உலகின் மற்ற நுண்சுருதிக் குறியீடுகள் பலவும் இந்த இரண்டடுக்கு வழியில் வளர்ந்திருக்கின்றன.

மேற்கில் புழங்கும் முறைகள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் தன் சுரங்களுக்கு விகிதத்தையே பெயராக வைத்தார். பல இடங்களில் அதை அப்படியே எழுதினார். ஸ்தாயிக்கு 43 சுரம் கொண்ட அவருடைய அமைப்புக்கு அது போதுமானதாக இருந்தது. கணக்குக்கு இதைவிடத் துல்லியம் இல்லை. ஆனால் 35/32 என்பது ரிஷபமா காந்தாரமா என்று பாடும்போது கண்ணுக்குப் பிடிபடாது.

இன்னோர் அமெரிக்க இசையமைப்பாளர் பென் ஜான்ஸ்டன் ஐரோப்பிய நொட்டேஷனில் புதிய குறிகளைச் சேர்த்தார். குறி போடாத ஏழு சுரங்களே அவர் முறையில் 1/1, 9/8, 5/4, 4/3, 3/2, 5/3, 15/8. எளிமையாகத் தெரியும். ஆனால் குறியில்லாத ரிஷபத்துக்கும் குறியில்லாத தைவதத்துக்கும் நடுவே இருப்பது 3/2 அல்ல, 40/27. அது 680 சென்ட்தான். பஞ்சம உறவு 22 சென்ட் தளர்ந்துவிட்டது. எங்கே தளர்வு என்று ஒவ்வொரு முறையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்க் சபாட், வோல்ஃப்காங் ஃபான் ஷ்வைனிட்ஸ் இருவரும் உருவாக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் முறையில் குறி போடாத சுரம் எப்போதும் பஞ்சமச் சங்கிலியின் சுரம். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தக் குறி. ஜார்ஜ் செக்கார், டேவ் கீனன் ஆகியோரின் சஜிட்டல் முறைக்கும் அடித்தளம் இதே சங்கிலிதான். அம்புக் குறிகள்தான் மிகப் பல.

இந்த முறைகளைக் கலந்து படித்தால் ஒரு பெரிய விபத்து நடக்கும். ஜான்ஸ்டனின் ‘7’ குறி 36/35, அதாவது 48.8 சென்ட் இறக்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸின் ஏழாம் குறி 64/63, 27.3 சென்ட் மட்டும் இறக்கும். முதலாவது 9/5 நிஷாதத்திலிருந்து எண்ணுகிறது, இரண்டாவது 16/9-இலிருந்து. இரண்டும் போய்ச் சேருவது அதே 7/4-க்குத்தான். ஆனால் ஒரு முறையின் குறியை இன்னொரு முறையின் அளவில் வாசித்தால் 21.5 சென்ட் பிழை வந்து உட்காரும்.

ச ரி க ம எழுத்தில் எழுதும் முறை

நம் சுர எழுத்துகளுக்குப் பொருந்துவது சங்கிலி அடித்தளமே என்பது என் உறுதியான கருத்து. பஞ்சமத்தில் சுருதி சேர்க்கும் பழக்கம் நம் கையிலேயே இருக்கிறது. முதலில் அடித்தளத்தை நிலைநிறுத்துவோம். எழுத்தின் பக்கத்தில் உள்ள எண் சுரத்தின் வகை; எண் ஏற ஏறச் சுரமும் உயரும்.

ஏறு சங்கிலி: ச 1/1, ப 3/2, ரி2 9/8, த2 27/16, க3 81/64, நி3 243/128, ம2 729/512.

இறங்கு சங்கிலி: ம1 4/3, நி2 16/9, க2 32/27, த1 128/81, ரி1 256/243.

ரி3, த3, க1, நி1 நான்கும் சங்கிலியில் இன்னும் தள்ளி இருக்கின்றன. ரி2-வும் க1-உம் வீணையில் ஒரே மெட்டு (மெழுகில் பதித்த, தந்தியை அழுத்தும் கட்டை), சங்கிலியிலோ 23.5 சென்ட் விலகிய இரண்டு சுரங்கள். பன்னிரண்டு இடத்துக்குப் பதினாறு பெயர் வைத்த மரபு இயற்கை விகிதத்துக்கு வந்ததும் உண்மையாகவே பதினாறு சுரங்களைத் தந்துவிடுகிறது.

இனி திருத்தக் குறிகள். விகிதத்தின் தொகுதியில், அதாவது மேல் எண்ணில், அந்தப் பகா எண் இருந்தால்:

1. 5 இருந்தால் ↓5: 81/80 இறக்கம், 21.5 சென்ட்.
2. 7 இருந்தால் ↓7: 64/63 இறக்கம், 27.3 சென்ட்.
3. 11 இருந்தால் ↑11: 33/32 ஏற்றம், 53.3 சென்ட்.
4. 13 இருந்தால் ↓13: 27/26 இறக்கம், 65.3 சென்ட்.

பகுதியில், அதாவது கீழ் எண்ணில், இருந்தால் அம்பு திரும்பிக்கொள்ளும். இரண்டு முறை இருந்தால் இரண்டு அம்பு. அம்புக்குத் தமிழ் எண்களைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம்: ௧ காந்தாரத்தின் ‘க’ போலவும், ௫ ‘ரு’ போலவும் இருப்பதால் சுர வரிசைக்குள் அவை தொல்லை.

இதன்படி தம்புராக் காந்தாரம் க3↓5. கீழ் எண்ணில் 5 உள்ள 6/5, க2↑5. 16/15, ரி1↑5. 7/4, நி2↓7. 7/6, க2↓7. 8/7, ரி2↑7. 11/8, ம1↑11. 13/8, த2↓13.

முன்பின் தெரியாத ஒரு விகிதத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது இப்படி. 35/32 என்று எடுத்துக்கொள்வோம்.

1. 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது. இல்லையென்றால் 2-ஆல் பெருக்கியோ வகுத்தோ உள்ளே கொண்டுவர வேண்டும்.
2. பகா எண்ணாகப் பிரியுங்கள்: மேலே 5 × 7, கீழே வெறும் 2-கள்.
3. அம்புகளை எழுதுங்கள்: ↓5↓7.
4. அந்த இறக்கங்களைத் திருப்பிச் சேருங்கள்: 35/32 × 81/80 × 64/63 = 9/8. இதில் 2-உம் 3-உம் மட்டுமே மிஞ்ச வேண்டும். வேறு எண் மிஞ்சினால் அம்பு எங்கோ தப்பு.
5. 9/8 சங்கிலியில் ரி2. ஆகவே பெயர் ரி2↓5↓7.
6. சென்டில் சரிபாருங்கள்: 203.9 − 21.5 − 27.3 = 155.1. 35/32-இன் நேரடிக் கணக்கும் 155.1.

இந்த முறையின் பெரிய பலன், இரண்டு சுரங்களுக்கு இடையிலான உறவு கண்ணிலேயே தெரிவது. இரண்டிலும் ஒரே அம்புகள் இருந்தால் அவற்றின் உறவு சங்கிலி உறவுதான். க3↓5, நி3↓5 இரண்டும் சுத்தமான பஞ்சம உறவு. ரி2-உம் த2↓5-உம் அப்படி அல்ல என்று ஒற்றை அம்பு எச்சரிக்கிறது. ஜான்ஸ்டன் முறையில் ஒளிந்திருந்த 40/27 இங்கே வெளியே தெரிகிறது.

எங்கே முறை திணறுகிறது

முதல் தடை பஞ்சமமும் சட்ஜமும். நம் மரபில் இரண்டும் அசையாச் சுரங்கள், வகை கிடையாது. ஆனால் 7/5 (582.5 சென்ட்) என்பது 6/5, 7/6 என்ற இரண்டு காந்தார இடைவெளிகளின் அடுக்கு. ச–க, க–ப என்று இரண்டு படி. அப்படியானால் அது குறைந்த பஞ்சமம், மத்தியமம் அல்ல. சங்கிலிக் கணக்கும் அதையே சொல்கிறது: அம்புகளை நீக்கினால் இறங்கு சங்கிலியின் 1024/729 வருகிறது, 729/512 வரவில்லை. இதை ‘ப−’ என்று எழுதினால் 7/5 = ப−↑5↓7. இதேபோல ஏறு சங்கிலியின் 2187/2048-ஐச் ‘ச+’ என்றும் 6561/4096-ஐப் ‘ப+’ என்றும் எழுதலாம். 25/24 அப்போது ச+↓5↓5; 25/16, ப+↓5↓5. மரபுக்கு இது உறுத்தும். ஆனால் இவற்றை ரி, ம, த என்று வலிந்து எழுதினால் மேலே சொன்ன ‘ஒரே அம்பு, சங்கிலி உறவு’ என்ற விதியே உடைந்துபோகும். விதியைக் காப்பாற்ற இரண்டு புதுக் குறிகள் அதிக விலை இல்லை.

இரண்டாவது தடை 11 குடும்பம். 11/9 (347.4 சென்ட்) க2↑11 ஆகிறது. அதற்கு வெறும் 7 சென்ட் மேலே உள்ள 27/22 (354.5) க3↓11 ஆகிறது. செயலி முதலாவதை ‘க2, 47 கூடுதல்’ என்றும் இரண்டாவதை ‘க3, 45 குறைவு’ என்றும் காட்டும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வெவ்வேறு பெயரில் போய்விடுகின்றன. 11/10, 12/11 இரண்டுக்கும் இதே கதி: முதலாவது ரி1↑5↑11, இரண்டாவது ரி2↓11. சாதாரண காந்தாரத்துக்கும் (க2) அந்தரத்துக்கும் (க3) நடுவே உள்ளவற்றை வாய்ப்பேச்சில் ‘நடுக் காந்தாரம்’ என்றும், ரி1-க்கும் ரி2-க்கும் நடுவே உள்ளவற்றை ‘நடு ரிஷபம்’ என்றும் சொல்லிக்கொள்வதே நல்லது. எழுத்தில் மட்டும் அம்பு.

7/6-உம் 75/64-உம்: மூன்று மில்லிமீட்டர்

கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் உள்ள இரண்டு சுரங்களுக்கு ஏன் வேறு பெயர் வேண்டும்? 7/6 (266.9 சென்ட்) க2↓7. 75/64 (274.6 சென்ட்) ரி3↓5↓5. வித்தியாசம் 7.7 சென்ட். ஒன்று காந்தாரம், மற்றது ரிஷபம்.

சட்ஜம் 240 என்றால் 7/6 சரியாக 280 ஹெர்ட்ஸ். அதன் ஆறாம் சீரிசை 1680. சட்ஜத்தின் ஏழாம் சீரிசையும் 1680. தம்புராவோடு நீட்டிப் பிடித்தால் அலையே இல்லாமல் அமர்ந்துவிடும். 75/64 என்பது 281.25 ஹெர்ட்ஸ். ஆறாம் சீரிசை 1687.5. நொடிக்கு ஏழரை விம்மல். இது சட்ஜத்தோடு சேரும் சுரமே அல்ல. நி3↓5 (15/8) ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேலே 5/4 உறவில் வருவது. ஒன்றின் இணை சட்ஜம், மற்றதன் இணை நிஷாதம். சென்ட் எண்ணை மட்டும் எழுதிவைத்தால் இந்தச் செய்தி தொலைந்துபோகும்.

வீணையில் இதைப் பார்க்கலாம். குதிரையிலிருந்து மேரு வரை (தந்தி அதிரும் முழு நீளம்) 800 மில்லிமீட்டர் என்று வைத்தால், விகிதத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் குதிரையிலிருந்து மெட்டு இருக்க வேண்டிய தூரம் வரும்:

1. 7/6: 685.7
2. 75/64: 682.7
3. 32/27: 675.0
4. 6/5: 666.7
5. 11/9: 654.5
6. 5/4: 640.0
7. 81/64: 632.1

சமப் பங்கீட்டு க3 635-இல் விழும். மேளம் கட்டுபவர், அதாவது வீணையில் மெட்டுகளைப் பதிப்பவர், அந்தர காந்தார மெட்டை அங்கே வைத்தால் தம்புராக் காந்தாரம் அந்த மெட்டின் சுரத்துக்குக் கீழே போய்விடும். தந்தியை இழுத்துச் சுரத்தை ஏற்றலாம், இறக்க முடியாது. எனவே மெட்டின் சுரம் தாழ்வாக இருந்தால் கை சரிசெய்துகொள்ளும். உயரமாக இருந்தால் வழியில்லை.

இந்த எண்களை அளந்து மெழுகில் அப்படியே பதித்தால் எல்லாச் சுரமும் சற்று ஏறியே ஒலிக்கும். மெட்டின் மேல் அழுத்தும்போது தந்தியின் இழுவிசை கூடுவதே காரணம். ஆகவே கணக்கிட்ட இடத்திலிருந்து மெட்டை மேரு பக்கம் சிறிது நகர்த்தி, தம்புராவோடு விம்மல் நிற்கும் இடத்தில் மெழுகை இறுக விட வேண்டும். 640 மில்லிமீட்டர் அருகே ஒரு மில்லிமீட்டர் பிசகு 2.7 சென்ட். 7/6, 75/64 வேறுபாட்டை மெட்டில் காட்ட முடியும். 6/5-க்கும் சங்கிலியின் ரி3-க்கும் (19683/16384) உள்ள 2 சென்ட் வேறுபாட்டை மெழுகில் காட்டுவது நடக்காது. அது தாளில் மட்டுமே வாழும் வேறுபாடு.

7/4 எப்படி ஒலிக்கும் என்று அறிய மெட்டே வேண்டாம். சட்ஜத்துக்குச் சேர்த்த சாரணித் தந்தியின் நீளத்தில் ஏழில் ஒரு பங்கில், அதாவது 800-க்கு மேருவிலிருந்து 114.3 மில்லிமீட்டரில், விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டி உடனே எடுங்கள். இரண்டு ஸ்தாயி மேலே நி2↓7 கேட்கும். 160-இல் தொட்டால் க3↓5.

எதற்கு இந்தக் குறியை எழுதக் கூடாது

கமகத்தோடு வரும் சுரத்துக்கு. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளி அல்ல. அசைந்து அசைந்து ஒரு பரப்பில் நிற்கிறது. அதைப் பதிவுசெய்து, சராசரி எடுத்து, ‘இது 32/27’, ‘இல்லை 7/6’ என்று சண்டையிடுவதில் பொருள் இல்லை. ராகத்துக்கு ராகம் ஒரே ஒரு விகிதம் என்று அட்டவணை போடும் முயற்சிகள் தடுமாறுவது இதனால்தான். அம்புக் குறி, சுரம் அசையாமல் ஆதார சுருதியோடு ஊன்றி நிற்கும் இடங்களுக்கும், புதிதாக இசையமைப்பவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்யும் இடங்களுக்கும் உரியது.

தாளில் எழுதும்போது தலைப்பில் மூன்று தகவல் கட்டாயம்: ச எத்தனை ஹெர்ட்ஸ், குறியில்லாச் சுரம் பஞ்சமச் சங்கிலியா அல்லது ஜான்ஸ்டனின் 5/4 வரிசையா, ஒவ்வோர் அம்பும் எந்த விகிதம். ஒவ்வொரு சுரமும் முதல் முறை வரும்போது அதன் விகிதத்தையும் அடியில் எழுதிவிட்டால், வேறு குறியீட்டில் பழகியவரும் அந்தத் தாளை எடுத்து வாசிக்கலாம்.